திறந்து வைக்க முடியாத கைப்பிடி

அந்தப் பூங்காவில் உடையாத இருக்கை வேண்டுமென்றால் கல்வெட்டின்மேல்தான் உட்கார வேண்டும். பெஞ்சுகளுக்கெல்லாம் ஒரு காலாவது போயிருக்கும், இல்லாவிட்டால் பலகை பெயர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பெஞ்சுகளை இன்னார் திறந்து வைத்தார் என்று பொறித்த கல் மட்டும் ஜம்மென்று நிற்கும். குடிநீர்க் குழாய்க்கு ஒரு கல். அது வற்றியபின் பக்கத்தில் வைத்த குழாய்க்கு இன்னொரு கல். அதுவும் வற்றியபின் அந்த இடத்துக்கு 'நீர்ச் சிக்கன விழிப்புணர்வு முனை' என்று பெயர் சூட்டியதற்கு மூன்றாவது கல். கல்லில் மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு கெட்டியான வேலை.

தையலம்மாவுக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவளுக்குப் பெஞ்சில் உட்கார ஏது நேரம்? அவளுக்கு அங்கே வேண்டியிருந்தது குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த கைப்பிடிக் கம்பி ஒன்றுதான்.

அவள் புருஷன் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண் கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

"தினமும் நடந்தாருன்னா கால் நிக்கும்மா. விட்டுட்டீங்கன்னா அப்புறம் படுக்கைதான். பாவம் புண்ணியம் பார்க்காம நடக்க வைங்க."

வீடோ இரண்டே அறை. அதில் ஒன்றைத் தையல் மிஷினும் துணி மூட்டையும் பிடித்துக்கொண்டன. டிரைவருக்கு ஊன்றுகோல்மேல் நம்பிக்கை வரவில்லை. "தடி என்கூடச் சேர்ந்து ஆடுது. கம்பி ஆடாது பாரு," என்றார். அதனால் தினமும் சாயங்காலம் பூங்கா.

அந்த நடையில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது கை செத்துவிட்டது, பிடிப்பதற்கு இடது கைதான். குளம் இடது பக்கம் இருந்தால்தான் கம்பி கைக்கு வரும். பாதியில் திரும்பினால் குளம் வலப்பக்கம் போய்விடும், கம்பியும் போய்விடும். ஆகவே கிளம்பினால் முழுச்சுற்று சுற்றித்தான் வர வேண்டும். "என் ரூட்டு ஒன்வே," என்று டிரைவர் சொல்லிச் சிரிப்பார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும். தையலம்மாவுக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, குளத்தின் மறுகரையில் துருப்பிடித்த தூண் ஒன்று சாய்ந்து, ஓர் ஆள் நீளத்துக்குக் கம்பி தண்ணீரில் விழுந்தது.

அன்றைக்கு டிரைவர் அந்த இடைவெளி வரை போய் நின்றார். முன்னே போகக் கம்பி இல்லை. திரும்பி வரவும் வழியில்லை. தையலம்மா தோள் கொடுத்துப் பார்த்தாள், ஆள் பாரம் தாங்காமல் இரண்டு பேரும் தள்ளாடினார்கள். கடைசியில் பூங்காக் காவலாளி ஓடிவந்து பிடிக்க, அடிமேல் அடியாகப் பின்பக்கமாகவே நடத்திக் கூட்டிவந்தார்கள்.

"எத்தனை வண்டி ஓட்டியிருக்கேன். கடைசில நானே ரிவர்ஸ்ல போறேனே," என்றார் டிரைவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தையலம்மா மிச்சத் துணியை எடுத்தாள். அந்த வருஷச் சீருடை சிவப்பு. வெட்டிப் போட்ட ஓரங்களைச் சேர்த்து முறுக்கி, பின்னி, மடித்துத் தைத்து, ஒரு மாடு கட்டினாலும் அறாத கயிறாக்கினாள். மறுநாள் அதைத் தூணுக்குத் தூண் இறுக்கிக் கட்டினாள். டிரைவர் இழுத்துப் பார்த்தார். பிடித்துக்கொண்டு தாண்டினார்.

"கம்பியை விட இது நல்லா இருக்கு. நீ கட்டினதாச்சே," என்றார்.

அத்தோடு அவள் நிறுத்தியிருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அரசாங்கச் சொத்தில் உடைந்ததை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டாமா என்று நினைத்து, அவள் பூங்காத் துறை அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்த கண்காணிப்பாளர் நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆகவேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் விரட்டியிருப்பார், கயிறாவது மிஞ்சியிருக்கும். இவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, நீங்க கேக்குறது பழுது. பழுதுக்கு எங்ககிட்ட காசே கிடையாது. புதுசுன்னா கேளுங்க, இருக்கு."

"ஒரு தூணும் ஒரு துண்டுக் கம்பியும்தானே சார்?"

"அதாம்மா கஷ்டம். ஒரு துண்டுக் கம்பியைப் பத்த வச்சா, அதை யாரு வந்து திறந்து வைப்பாங்க? ரிப்பன் எங்க கட்டுறது? போட்டோவுல என்ன தெரியும்? திறந்து வைக்க முடியாத வேலைக்கு மேல கையெழுத்தே விழாது. இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், ஒரு ஆணியைக்கூட நான் திருப்பி அடிச்சதில்ல." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்ப உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைஞ்சதுதான். முழுசா இல்லாமப் போகணும். இல்லாமப் போனாத்தான் புதுசு."

தையலம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சட்டைக் காலர் கிழிந்தால் காலரை மாற்றித் தைப்பது அவள் தொழில். காலர் கிழிந்ததற்காகச் சட்டையைக் கொளுத்திவிட்டு வாருங்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. "பரவாயில்லைங்க சார், இப்போதைக்குக் கயிறு கட்டியிருக்கேன்," என்று எழுந்தாள்.

கண்காணிப்பாளர் முகம் மாறியது. "கயிறா?"

மறுநாள் கயிற்றைக் காணோம். அனுமதியில்லாத கட்டுமானம் என்று அவிழ்த்துப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பலகை நின்றது: 'இங்கு கைப்பிடி இல்லை. பிடிக்காதீர்கள்.' பலகை புதியது. அதற்கு ரிப்பன் வெட்டிய அடையாளமாக ஒரு துணுக்கு இன்னும் காலில் தொங்கியது. பலகையை யாரும் படிக்காமல் போய்விடுவார்களோ என்று ஒரு பாதுகாவலரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் கம்பி இல்லை என்று சொல்வது அவர் உத்தியோகம்.

"அண்ணே, உங்களுக்குக் குடுக்குற சம்பளத்துல கம்பியே போட்டிருக்கலாமே," என்று தையலம்மா கேட்டாள்.

"போட்டிருக்கலாம்தான். ஆனா நான் புது நியமனம்மா. எனக்கு விழா வச்சாங்க," என்றார் அவர். பிறகு, பாவம், டிரைவரைத் தன் தோளில் சாய்த்து அந்த இடைவெளியை அவரே தினமும் தாண்ட வைத்தார். ஆகமொத்தம் ஓர் ஆள் கம்பியாக வேலை பார்த்தார். அவருக்கும் இடமாற்றம் வந்தபின் அதுவும் நின்றது.

பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்தது. வரப்போகும் கைப்பிடிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது கேள்வி. பச்சை என்றார்கள் சிலர், நீலம் என்றார்கள் சிலர், கைகலப்பு வரை போய்விட்டது. தையலம்மா கையைத் தூக்கினாள்.

"எந்த நிறமானாலும் சரிங்க. இந்த மாசமே போட்டுருவீங்களா? அவருக்குக் கால் இறுகிட்டு வருது."

கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரி புன்னகையோடு குறித்துக்கொண்டார். "நிறத்தைப் பத்தி நடுநிலை, ஒண்ணு."

கண்காணிப்பாளர் வாசலில் அவளைப் பிடித்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "உங்களுக்காக நான் மேல பேசிட்டேன்மா. வழி பண்ணிட்டேன். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் பார்த்தாள். கம்பி முழுவதையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குளத்தைச் சுற்றி நன்றாக இருந்த தூண், கெட்டியாக இருந்த கம்பி, எல்லாவற்றையும் அறுத்து வண்டியில் ஏற்றினார்கள். முழுசா இல்லாமல் போனால்தான் புதுசு அல்லவா. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கண்காணிப்பாளர் தூரத்தில் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே மனசு வரவில்லை. டிரைவர் வீட்டுக்குள் மிஷினைப் பிடித்து இரண்டு எட்டு, கட்டிலைப் பிடித்து இரண்டு எட்டு என்று நடந்தார். துணி மூட்டை தடுக்கியது. கணுக்கால் உள்பக்கமாக மடங்கத் தொடங்கியது. நடைப்பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி விட்டுட்டீங்க," என்றாள். தையலம்மா துணி மூட்டையை ஓரமாகத் தள்ளினாள். பூங்காத் துறையை நம்பினேன் என்று சொன்னால் யார் கேட்பார்கள், கேட்கிறவர்களே சிரிப்பார்கள். டிரைவர் தூங்கியபின் மிஷினில் தலை வைத்து அழுதாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் கண்காணிப்பாளர் வீடு தேடி வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"வந்துருச்சும்மா கைப்பிடி. ஞாயித்துக்கிழமை விழா. கமிஷனரே வர்றார். நம்ம டிரைவர் சார்தான் முதல் பயனாளி. அவர் கம்பியைப் பிடிச்சு நடந்து வர, கமிஷனர் ரிப்பனை வெட்டிக் கை குடுக்குறார். அதோட முடிஞ்சது."

டிரைவர் அன்றைக்கே சவரம் செய்யச் சொன்னார். பழைய காக்கிச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார். "என்னை வச்சுத்தான் ரூட்டே திறக்குறாங்க பாரு," என்றார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், மேடைக்கு முன்னால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குத்தான் கைப்பிடி இருந்தது. அதுவும் பளபளவென்று, நீலமும் பச்சையும் கலந்து. அதற்கு அப்பால் குளத்தைச் சுற்றி வெறும் கரை.

"மீதி எங்கே சார்?"

"மீதி இரண்டாம் கட்டம்மா. போட்டோவுல இதுவே போதும்," என்றார் கண்காணிப்பாளர். அவர் கையில் கல்வெட்டின் திரைக்கயிறு இருந்தது. கல்வெட்டு கம்பியைவிட உயரமாக இருந்தது.

கமிஷனர் முதலில் பேசினார். பேசினார் என்றால் சாதாரணப் பேச்சா. "சிலபேர் எங்க துறையைக் குறை சொல்றாங்க, உடைஞ்சதைப் பார்க்கறதில்லைன்னு. நான் கேக்குறேன், உடைஞ்சதை எதுக்குப் பார்க்கணும்? உடைஞ்சதையே பார்த்துக்கிட்டிருந்தா நாடு எப்படி முன்னேறும்? எங்க கணக்குப்படி இந்தப் பூங்காவுல பழுதான பொருள் ஒண்ணுகூட இல்ல. ஏன்னா பழுதானதை நாங்க கணக்குலயே வைக்கறதில்ல. நான் பதவிக்கு வந்தப்புறம் இந்தப் பூங்காவையே மூணு தடவை திறந்திருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு தடவைதான் திறந்தார்." கைதட்டல் எழுந்தது.

பிறகு டிரைவரைக் கொண்டுபோய் அந்தக் கோடியில் நிறுத்தினார்கள். இந்தக் கோடியில், கம்பி முடியும் தூணிலிருந்து எதிரே நட்ட கழி வரை ரிப்பன் கட்டியிருந்தது. நல்ல சிவப்பு. பின்னால் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி ஓர் ஆள், அவருக்குப் பக்கத்தில் கமிஷனர். தையலம்மாவைப் போட்டோவில் விழாத தூரத்தில் நிற்க வைத்திருந்தார்கள்.

டிரைவர் நடந்தார். நன்றாகவே நடந்தார். மாதக்கணக்கில் நடக்காத கால், ஆனாலும் கையில் ஆடாத கம்பி இருந்ததே. அவர் யாரையும் பார்க்கவில்லை, கை போகிற வழியை மட்டும் பார்த்து வந்தார். கம்பி முடிகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் வைத்திருந்தார்கள். அவர் நிற்கவில்லை. கம்பி முடிந்த இடத்தில் சிவப்பாக ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. இடது கை கம்பியை விட்டது, அதைப் பிடித்தது, முழுப் பாரத்தையும் அதில் போட்டது.

தையலம்மா ஓடினாள். ஓடி என்ன பிரயோசனம். ரிப்பனோடு சேர்ந்து அவர் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

முதலில் பேசியவர் கமிஷனர். "ரிப்பன் அறுந்துருச்சே. வெட்டாம அறுந்தா அது திறப்பு ஆகுமா?"

"ஆகாதுங்க ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

"வேற இருக்கா?"

இருந்தது. அந்தத் துறையில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் ரிப்பனுக்கு வந்ததில்லை. டிரைவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பின்னால் கைதட்டல் கேட்டது. புது ரிப்பனை வெட்டியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்ததும் தையலம்மா முதல் காரியமாகக் கோபித்துக்கொண்டாள். "நிக்கச் சொன்னாங்கல்ல? ஏன் அதைப் பிடிச்சீங்க? ரிப்பன்னு தெரியலையா?"

டிரைவர் அவளைப் பார்த்தார். நாக்கு புரண்டு சொல் வர நேரமாயிற்று.

"நீ கட்டினதுன்னு நெனச்சேன்."

அவள் வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள்.

இடுப்பு கூடவில்லை. அந்த வயசுக்கு, அந்தக் கால்களுக்கு இனிமேல் நடை இல்லை என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். டிரைவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். டிரைவர் அங்கே படுத்தபடியே பூங்காத் துறையைத் திட்டினார். காலையில் எழுந்ததும் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை. திட்டும்போது முகத்தில் ரத்தம் ஓடும், குரல் தெளியும். அதனால் அவளும் எடுத்துக் கொடுப்பாள்.

ஓராண்டு கழித்துக் கண்காணிப்பாளர் மறுபடி வந்தார். தையலம்மா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"உள்ள வரலம்மா. சந்தோஷமான விஷயம் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். டிரைவர் சார் விழுந்தது பேப்பர்ல வந்துச்சுல்ல? விபத்துன்னா அதுக்குன்னு தனியா காசு இருக்கும்மா, எங்களுக்கே தெரியாது. அதுல கம்பி முழுக்கப் போட்டாச்சு. குளத்தைச் சுத்தி, ஒரு இடம் விடாம. எல்லாம் அவராலதான். அவரு மட்டும் விழலைன்னா வந்திருக்காது." அவர் கைகூப்பினார். நன்றி சொல்கிறவன் முகம்தான் அது, அதில் கள்ளமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தையலம்மா பூங்காவுக்குப் போனாள். உண்மைதான். கம்பி முழுவட்டமாக இருந்தது. இடது கையை அதன்மேல் வைத்து, அவள் ஒருமுறை சுற்றி வந்தாள். எங்கும் ஆடவில்லை, எங்கும் கை விடவில்லை. அவர் எட்டு எப்படி இருக்குமோ அப்படியே மெதுவாகத்தான் நடந்தாள். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவிகள், நன்றாகவே போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் விழித்திருந்தார்.

"பார்க் வழியாத்தானே வந்தே?"

"ஆமாங்க."

"மீதிக் கம்பி போட்டுட்டானுங்களா?"

அவள் துணி மூட்டையை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"எங்கேங்க. மேடைக்கு முன்னாடி இருந்ததுதான் இருக்கு. வேற ஒண்ணுமே காணோம்."

"அவனுங்களாவது போடுறதாவது. உருப்படுவானுங்களா," என்று டிரைவர் ஆரம்பித்தார். கமிஷனர், கண்காணிப்பாளர், கத்தரிக்கோல் பிடித்தவன் என்று யாரையும் விடவில்லை. திட்டித் தீர்த்தபின் மூச்சு வாங்கினார். பிறகு நல்ல கையால் தொடையைத் தடவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"மெதுவாவே போடட்டும் விடு. இப்பவே போட்டுட்டா நான்தான் மாட்டிக்குவேன். அவனுங்க போட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கால் தேறிடும்."

"தேறிடுங்க," என்றாள் தையலம்மா. விளக்கைப் போட்டுவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.